கழுத்தும் கழுத்தும்

தமிழ்த்துறை மலரில் ஓர் ஆங்கிலத் தொடரைப் பற்றிக் கட்டுரையா என்று புருவம் உயர்த்தும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டுகின்றேன். எழுதப் புகுவது ஆங்கிலத் தொடரைப் பற்றியே எனினும், அதன் உயிர்நிலை நம் இலக்கண ஆசிரியர்கள் வகுத்துக் காட்டிய ஒரு நுட்பத்தில் அடங்கிக் கிடக்கின்றது. எண்ணும்மைக்கும் நான்காம் வேற்றுமைக்கும் உள்ள வேறுபாட்டைத் தேர்வுக்குப் படித்து, தேர்வுக் கூடத்து வாயிலிலேயே மறந்துவிடும் மாணவ மணிகள் இதனைச் சிறப்பாகப் படித்தல் வேண்டும். அவ்வேறுபாடு ஒருமுறை நம் மாணவர் இருவரின் மேற்படிப்பையே ஒரு திங்கள் காலம் தடுத்து நிறுத்தியதை நான் அறிவேன்.

தொடர் இதுதான்: 'நெக் அண்ட் நெக்'. குதிரைப் பந்தயக் களத்தில் பிறந்து, இரு நூறு ஆண்டுகளாக ஆங்கில எழுத்தில் உலவி வருவது. பந்தயத்தில் ஓடுவோர் ஒருவரையொருவர் முந்தாமல் சரிசமமாக ஓடுகின்றனர் என்பது பொருள். நம் நாட்டிலோ இத்தொடர் 'நெக் டு நெக்' என்று உருமாறிப் பெருவழக்காகிவிட்டது. தேர்தல் வந்தால் தொகுதிதோறும் 'நெக் டு நெக் ஃபைட்'. துடுப்பாட்டம் வந்தால் அணிதோறும் 'நெக் டு நெக் ஃபைட்'. நாளிதழ்களில் படிக்கின்றோம், தொலைக்காட்சியில் கேட்கின்றோம், நாமும் எழுதுகின்றோம். நல்ல ஆங்கில அகராதி எதனைப் புரட்டினும் 'அண்ட்' என்னும் இடைச்சொல்லோடுதான் இத்தொடர் காணப்படும்.

மொழிபெயர்ப்பு வகுப்பில் இத்தொடரைத் தமிழாக்கக் கொடுத்தால் விளையும் விபரீதங்கள் தனிக் கதை. 'கழுத்தை நெரிக்கும் போட்டி' என்பார் ஒருவர். 'கழுத்தறுப்புப் போட்டி' என்பார் மற்றொருவர். பின்னவர் எழுதியது 'கட் த்ரோட்' என்னும் வேறோர் ஆங்கிலத் தொடருக்குரியது. அது வணிகத்தில் ஈவிரக்கமின்றி மற்றவனை வீழ்த்தும் போட்டியைச் சுட்டும். கழுத்து என்ற சொல்லைக் கண்டதும் நம் பிள்ளைகளுக்குக் கத்தியும் கயிறும் நினைவுக்கு வருகின்றன, குதிரை வருவதில்லை. குதிரையைக் காணாத தலைமுறை, பாவம், என் செய்யும்?

இனி அந்த இரு மாணவர்களுக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன்னர் இளங்கலைத் தமிழ் பயின்ற அவ்விருவரும் ஒரே தெருவினர். ஒருவரின் தந்தை தோல் பதனிடும் தொழிற்கூடத்தில் கூலி. மற்றவரின் தாய் பீடி சுற்றிக் குடும்பம் காத்தவர். இருவர் இல்லத்திலும் கல்லூரி வாயிலை மிதித்த முதற்பிள்ளை அவர்களே. நன்னூல் காண்டிகையுரைப் படி ஒன்றை இருவரும் சேர்ந்து வாங்கி, முன்னட்டையில் ஒருவர் பெயரும் பின்னட்டையில் மற்றவர் பெயருமாக எழுதி வைத்திருந்தனர். முதலாம், மூன்றாம், ஐந்தாம் பருவத் தேர்வுகளில் ஒருவர் முன்னே நின்றார். இரண்டிலும் நான்கிலும் மற்றவர். ஐந்து பருவங்களையும் கூட்டிப் பார்த்தால் இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு இரண்டே மதிப்பெண்.

முதுகலைப் படிப்புக்கான கட்டணம் முழுவதையும் வழங்கும் அறக்கட்டளை ஒன்று, துறைக்கு ஒரு மாணவரைப் பரிந்துரைக்குமாறு கேட்டிருந்தது. யாரைப் பரிந்துரைப்பது? துறைக்கு விடை தெரியவில்லை. இரு மாணவரின் மதிப்பெண் பட்டியலையும் இணைத்து, இருவரும் 'நெக் அண்ட் நெக்' என்னும் நிலையில் உள்ளனர், ஆறாம் பருவம் இன்னும் எஞ்சியிருக்கின்றது, தெரிவினை அறக்கட்டளையே செய்தருளலாம் என்று ஆங்கிலத்தில் ஒரு கடித வரைவினை என் கைப்பட எழுதிக் கொடுத்தேன். அதனைக் கணினியில் ஏற்றியவர் நல்ல மனிதர். என் ஆங்கிலத்தைச் செம்மைப்படுத்தும் நல்லெண்ணத்தில் 'நெக் டு நெக் ஃபைட்' என்று மாற்றிவிட்டார். கடிதம் என் பார்வைக்கு வராமலே கையொப்பமாகி அஞ்சலில் சேர்ந்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்து மறுமொழி வந்தது. இரு மாணவருக்கும் இடையே சண்டை நிலவுவதாகக் கல்லூரியே எழுதியிருப்பதாலும், நன்னடத்தையே உதவிக்கு முதல் நிபந்தனை என்பதாலும், உரிய விளக்கம் வரும்வரை இருவர் விண்ணப்பமும் நிறுத்தி வைக்கப்படுகின்றன என்பது அதன் சாரம். முதுகலைச் சேர்க்கைக்கு முன்பணம் செலுத்தும் இறுதி நாள் அடுத்த திங்கள் முதல் வாரம். நகைப்பதா, நடுங்குவதா என்று விளங்காத நிலை. விளக்கக் கடிதம் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அகராதிகளோடும் பந்தய வரலாற்று நூல்களோடும் நான் உறவாடத் தொடங்கியது அன்றுதான்.

ஆங்கிலேயரின் குதிரைப் பந்தயத்தில் வெற்றியின் அளவைக் குதிரையின் உடலைக் கொண்டே கணக்கிடுகின்றனர். ஒரு குதிரையின் நீளம் ஏறத்தாழ எட்டடி, அதுவே பேரளவு. அதற்குக் கீழே அரை நீளம், அதற்கும் கீழே கழுத்து, பின்னர்த் தலை, குறுந்தலை, இறுதியில் மூக்கு. நாம் முழமும் சாணும் விரற்கடையும் நம் உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டது போலவே அவர்கள் குதிரையின் உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டனர். கழுத்து என்பது ஏறக்குறைய நீளத்தில் கால் பங்கு. ஒரு குதிரை 'பை எ நெக்' வென்றது என்றால், அது மற்றதைவிடக் கழுத்தளவு முந்தி வென்றது என்று பொருள். ஈண்டு நம் பிள்ளைகள் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. 'பை எ நெக்' என்றால் ஒருவர் முந்திவிட்டார். 'நெக் அண்ட் நெக்' என்றால் ஒருவரும் முந்தவில்லை. ஒரே கழுத்துத்தான், முன்னே நிற்கும் இடைச்சொல் மாறினால் ஒன்று வெற்றியாகின்றது, மற்றொன்று சமநிலையாகின்றது.

கழுத்தை ஏன் அளவாகக் கொண்டனர், முன்னே நீண்டிருப்பது மூக்கன்றோ என்று வினவலாம். பாய்ந்தோடும் குதிரை ஒவ்வொரு பாய்ச்சலிலும் தலையை நீட்டியும் இழுத்தும் அசைக்கின்றது. அருகருகே ஓடும் இரு குதிரைகளில் ஒரு பாய்ச்சலில் ஒன்றன் மூக்கு முன்னே தெரியும். அடுத்த பாய்ச்சலில் மற்றதன் மூக்கு. மூக்கை மட்டும் நோக்குபவனுக்கு முன்னிலை கணந்தோறும் மாறிக்கொண்டே இருக்கும். இரண்டின் கழுத்தும் ஒரே வரிசையில் நிற்பின் அவை சமமாக ஓடுகின்றன என்று உறுதியாகச் சொல்லலாம். எங்கள் மாணவர் இருவரும் பருவந்தோறும் மாறி மாறி முன்னே வந்தது இத்தகைய மூக்கசைவுதானே!

மற்றொரு நுட்பமும் உண்டு. 'நெக் அண்ட் நெக்' என்பது ஓட்டத்தின் நடுவே நிலவும் நிலை, முடிவன்று. எல்லைக் கம்பத்தை இரு குதிரைகளும் ஒரே கணத்தில் கடந்துவிட்டால் அதற்குரிய பெயர் 'டெட் ஹீட்'. பதினெட்டாம் நூற்றாண்டில் அதே குதிரைகளைப் பலமுறை ஓடவிட்டு வெற்றியைத் தீர்மானிப்பர். அந்த ஒவ்வோர் ஓட்டத்துக்கும் 'ஹீட்' என்று பெயர். முடிவு தெரியாத ஓட்டம் கணக்கில் சேராது, செத்த ஓட்டம். ஆதலின் 'டெட் ஹீட்'. இங்கிலாந்தின் எப்சம் திடலில் 1780 முதல் நடைபெறும் டெர்பி பந்தயத்தில் இருமுறை இவ்வாறு நேர்ந்தது. 1828இல் காட்லண்ட், தி கர்னல் என்னும் இரு குதிரைகள் ஒன்றாக எல்லையைத் தொட்டன. மறுபடி ஓடவிட்டதில் காட்லண்ட் வென்றது. 1884இல் செயின்ட் கேட்டியன், ஹார்வெஸ்டர் என்னும் இரண்டும் ஒன்றாக வந்தன. அம்முறை மறுஓட்டம் நிகழவில்லை. உரிமையாளர் இருவரும் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். பிற்காலத்தில் ஒளிப்படக் கருவி வந்து நடுவரின் கண்ணுக்குத் துணை நின்றது. 1949ஆம் ஆண்டின் டெர்பியில் நிம்பஸ் என்னும் குதிரை தலையளவில் வென்றதை உறுதிசெய்தது ஒளிப்படமே.

முற்றிலும் எதிரான நிலைக்கும் ஒரு கதை இருக்கின்றது. 1764இல் பிறந்த எக்ளிப்ஸ் என்னும் குதிரை தன் வாழ்நாளில் தோல்வியே கண்டதில்லை. அதன் பந்தயம் ஒன்றில், எக்ளிப்ஸ் முதலாவதாக வரும், ஏனையவை எங்குமே இரா என்று ஒருவர் பந்தயம் கட்டியதாகச் சொல்வர். 'எங்குமே இரா' என்பது வெற்றுச் செருக்குரை அன்று. வென்ற குதிரைக்கு 240 கஜத்துக்கும் பின்னே தங்கிவிட்ட குதிரைக்கு நடுவர் இடம் வழங்குவதில்லை. ஏட்டில் அதற்கு 'எங்கும் இல்லை' என்றே பொருள். தேர்வு முடிவு நாளன்று நம் நண்பர் சிலரின் நிலையும் அஃதே. அது போகட்டும்.

இனி இலக்கணத்துக்கு வருவோம். 'அண்ட்' என்பது நம் எண்ணும்மை. கபிலரும் பரணரும் என்றால் இருவரையும் ஒரு நிறையில் வைத்து எண்ணுகின்றோம். அவ்விருவருக்கும் இடையே நட்பா பகையா என்று உம்மை கூறுவதில்லை. எண்ணி நிறுத்துவதோடு அதன் பணி முடிகின்றது. 'டு' என்பதோ பெரும்பாலும் நம் நான்காம் வேற்றுமையின் இடத்தில் நிற்பது. கு உருபு வந்தால் ஒன்று மற்றொன்றை நோக்கியாக வேண்டும். கொடை, பகை, நட்பு, தகுதி, முறை என்று நான்காம் வேற்றுமைக்கு நூலோர் விரிக்கும் பொருள்களில் பகை இரண்டாவதாக நிற்பதை எண்ணிப் பாருங்கள். பாம்புக்குப் பகை கருடன் என்பது வகுப்பறை எடுத்துக்காட்டு. ஆங்கிலத்திலும் 'ஃபேஸ் டு ஃபேஸ்' என்றால் முகத்துக்கு முகம்; 'ஹெட் டு ஹெட்' என்றால் நேருக்கு நேர் மோதல். எதிரெதிரே நோக்கி நிற்பது இவற்றின் பொதுப் பண்பு. பந்தயக் குதிரைகள் ஒன்றையொன்று நோக்குவதே இல்லை. இரண்டும் நோக்குவது எல்லைக் கம்பத்தை. ஆதலின் அங்கே எண்ணும்மை பொருந்துகின்றது. கு உருபு பொருந்தவில்லை.

இவ்விடத்தில் நுண்ணறிவினர் ஒரு தடை எழுப்புவர். தோளோடு தோள் என்பதனை ஆங்கிலத்தில் 'ஷோல்டர் டு ஷோல்டர்' என்கின்றனரே, அங்கே பகை இல்லையே என்பது அத்தடை. நல்ல தடை. அங்கே 'டு' வருவதற்குக் காரணம் தொடுகை. தோள் தோளைத் தொடுகின்றது. சென்னைச் சாலையில் வண்டிகள் ஊர்வதை 'பம்பர் டு பம்பர்' என்று கூறுவதும் அவ்வாறே. ஒன்றன் முகப்பு மற்றதன் பின்புறத்தைத் தொடுமளவு நெருங்கி நிற்கின்றது. ஓடுகின்ற குதிரைகளின் கழுத்துகள் தொடுவதில்லை. தொட்டால் இரண்டும் விழும். எனினும் மரபுத்தொடர் எதற்கும் இறுதிக் காரணம் வழக்கே என்பதனை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். குயில் கூவும், மயில் அகவும், ஆந்தை அலறும் என்று உயர்ந்தோர் எவ்வாறு வழங்கினரோ அவ்வாறு வழங்குதல் மரபு என்று நாம் கற்பிக்கின்றோம். குயில் அலறியது என்று எழுதும் மாணவனுக்கு மரபு வழு என்று சிவப்பு மையில் சுழிக்கின்றோம். அந்நிய மொழி மரபுக்கும் அதே மதிப்பைத் தருவதுதானே முறை.

நம் நாட்டில் 'டு' நுழைந்தது எவ்வாறு? நேருக்கு நேர், ஈடுக்கு ஈடு, சரிக்குச் சரி என்று நம் மொழிகளில் இரட்டித்து வருவனவற்றில் கு உருபு இயல்பாக ஒலிக்கின்றது. அவ்வோசை நம் செவியில் ஊறியிருப்பதால் ஆங்கிலம் எழுதும் கையும் 'டு' என்று எழுதிவிடுகின்றது என்பது என் கருத்து. அதனோடு 'ஃபைட்' என்னும் சொல்லும் ஒட்டிக்கொண்டால் பந்தயத் திடல் போர்க்களமாகிவிடுகின்றது. போட்டி வேறு, போர் வேறு என்பதை நாம் மெல்ல மெல்ல மறந்து வருவதன் அடையாளமாகவும் இதனைக் கொள்ளலாமோ என்று ஐயுறுகின்றேன்.

இவற்றையெல்லாம் சுருக்கி இரண்டு பக்க விளக்கமாக எழுதி, அஞ்சலில் விடாமல் நேரிலேயே எடுத்துச் சென்றேன். இரு மாணவரும் உடன் வந்தனர். அறக்கட்டளைப் பெரியவரை நன்கறிந்த அரபுத்துறைப் பேராசிரியர் ஒருவரும் அன்புகூர்ந்து வந்தார். பெரியவர் தோல் வணிகத்தில் தலைநரைத்தவர். எங்கள் பகுதியில் எல்லாருக்கும் அவர் ஹாஜியார். என் விளக்கத்தை மேசைமேல் வைத்துவிட்டு முதலில் மாணவரையே நோக்கினார்.

"ஏன் தம்பி, உங்கள் ரெண்டு பேருக்கும் என்ன சண்டை?"

"சண்டையெல்லாம் ஒன்றும் இல்லைங்க ஹாஜியார்" என்றார் ஒருவர். மற்றவர் பையிலிருந்த நன்னூலை எடுத்து முன்னட்டையையும் பின்னட்டையையும் திருப்பிக் காட்டினார். ஹாஜியார் நூலை வாங்கி நெடுநேரம் புரட்டினார். பக்க ஓரங்களில் இருவகைக் கையெழுத்தில் குறிப்புகள் இருந்தன.

பின்னர் என் பக்கம் திரும்பினார். "சரி பேராசிரியரே, சண்டை இல்லை என்பது விளங்கிவிட்டது. ஆனால் குதிரைப் பந்தயம் என்பது சூதாட்டம். மார்க்கம் விலக்கியது. நம் கல்லூரிக் கடிதத்தில் அந்த இடத்துச் சொல் எதற்கு?" என்றார். எதிர்பாராத வினா. நேர்மையான வினாவும்கூட. தமிழகத்தில் 1974ஆம் ஆண்டிலேயே குதிரைப் பந்தயத்தையும் அதன்மேல் பணம் கட்டுவதையும் ஒழிக்கச் சட்டம் இயற்றியதும், 1996இல் உச்ச நீதிமன்றம் அதனைத் திறமை சார்ந்த ஆட்டம் என்று கூறியதும் என் நினைவில் எழுந்தன. ஆயினும் அவர் கேட்டது நீதிமன்றத்தின் தீர்ப்பை அன்று.

மறுமொழி கூறியவர் அரபுப் பேராசிரியர். "பணயம் வைப்பது விலக்கப்பட்டது, ஹாஜியார். குதிரை ஓட்டம் விலக்கப்பட்டதன்று" என்று தொடங்கினார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே மதீனாவில் குதிரை ஓட்டப் போட்டி நடத்தினார்கள் என்பதையும், பயிற்சி பெற்ற குதிரைகளை ஹஃப்யா என்னுமிடத்திலிருந்து தனிய்யத்துல் வதா வரையிலும், பயிற்சி பெறாதவற்றைத் தனிய்யத்துல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையிலும் ஓடச் செய்தார்கள் என்பதையும், இதனை அறிவிக்கும் இப்னு உமர் (ரலி) அவர்களே அதில் கலந்துகொண்டவர் என்பதையும் ஸஹீஹுல் புகாரியிலிருந்து எடுத்துரைத்தார். முன்னது ஐந்து அல்லது ஆறு மைல். பின்னது ஒரு மைல். குதிரையின் ஆற்றலுக்கேற்பத் தொலைவை வகுத்த அந்நீதியை அவர் எடுத்துக் கூறியபோது ஹாஜியாரின் முகம் மலர்ந்தது.

அத்துடன் அவர் நிற்கவில்லை. அரபு மொழியில் ஓட்டப் பந்தயக் குதிரைகளுக்கு வரிசைப் பெயர்கள் உண்டாம். முதலில் வருவது முஜல்லீ; கடைசியில் வருவது ஸுகைத். இரண்டாவதாக வருவதன் பெயர் முஸல்லீ. முஸல்லீ என்றால் தொழுகையாளி என்றுதானே நாம் அறிவோம்? குதிரையின் வாலுக்கு இருமருங்கும் உள்ள பகுதிக்கு ஸலா என்று பெயர். முன்னே ஓடும் குதிரையின் ஸலாவை ஒட்டித் தன் தலை இருக்குமாறு ஓடி வருவதால் இரண்டாவது குதிரை முஸல்லீ ஆயிற்று என்பது அரபு அகராதியாளர் தரும் விளக்கம். ஆங்கிலேயன் கழுத்தால் அளந்ததை அரபியர் வாலடியால் அளந்திருக்கின்றனர். நான் வியந்து நின்றேன். என் இரண்டு பக்க விளக்கத்தில் இல்லாத செய்தி அது.

என் பங்குக்கு ஒன்று சேர்த்தேன். ஆங்கிலேயர் பெருமை பேசும் தரோபிரட் இனப் பந்தயக் குதிரைகள் யாவும் தம் தந்தைவழியை மூன்று குதிரைகளில் கொண்டு சேர்க்கின்றன. அவற்றுள் ஒன்று பயர்லி டர்க், துருக்கிப் பெயர் தாங்கியது. மற்றொன்று 1704இல் சிரியாவின் அலெப்போ நகரிலிருந்து தாமஸ் டார்லி என்பவரால் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட டார்லி அரேபியன். மூன்றாவது, கோடால்ஃபின் அரேபியன். இன்றைய பந்தயக் குதிரைகளில் மிகப் பெரும்பாலானவை டார்லி அரேபியனின் வழிவந்தவை; மேலே சொன்ன எக்ளிப்ஸும் அதன் கொடிவழியே. அரபுக் குதிரைகள் நம் காயல் துறையில் வந்திறங்கிப் பாண்டியர் கொட்டடிகளை நிறைத்ததை மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கின்றார். அது வேறொரு மலருக்குரிய கட்டுரை.

ஹாஜியார் என் விளக்கத்தை மீண்டும் கையில் எடுத்தார். 1884 என்ற ஆண்டின்மேல் விரலை வைத்து, "இந்தப் பந்தயத்தில் பரிசை என்ன செய்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள்."

அன்று அவர் வேறொன்றும் கூறவில்லை. தேநீர் அருந்தச் செய்து அனுப்பினார். அடுத்த வாரம் வந்த கடிதத்தில், துறைக்கு ஒருவர் என்னும் விதி மாறாது, அவ்வொருவருக்குரிய தொகை இரு மாணவருக்கும் சமமாகப் பகிர்ந்தளிக்கப்படும் என்று கண்டிருந்தது. மீதிப் பாதிகளுள் ஒன்றைத் துறை ஆசிரியர்கள் கூடிச் செலுத்தினோம். மற்றொன்று எவ்வாறு செலுத்தப்பட்டது என்பதைக் கல்லூரி அலுவலகம் இன்றளவும் எனக்குச் சொன்னதில்லை. ஹாஜியாரின் பெயர் எந்தப் பற்றுச்சீட்டிலும் இல்லை. ஆறாம் பருவ முடிவில், பீடி சுற்றிய அன்னையின் மகன் மொத்தத்தில் நான்கு மதிப்பெண் முந்தினார். அதற்குரிய தொடர் 'பை எ நெக்'. இருவரும் இன்று வெவ்வேறு ஊர்களில் தமிழாசிரியர்கள். அந்த நன்னூல் யாரிடம் இருக்கின்றது என்று கேட்டால் இருவருமே மற்றவரைக் காட்டுகின்றனர்.

இத்தொடரை எழுத்தில் ஆள விரும்பும் மாணவர்க்குச் சிலவற்றைச் சொல்லிவைக்கின்றேன். பெயர்ச்சொல்லுக்கு முன்னே அடையாக வரும்போது மூன்று சொற்களையும் சிறு கோடுகளால் இணைத்து எழுதுவது ஆங்கில மரபு. வினைக்குப் பின்னே தனித்து வருங்கால் கோடு வேண்டா. ஓட்டம் தொடரும் வரையில்தான் அதனை ஆளலாம். வாக்கு எண்ணிக்கை நடைபெறும் பொழுதில், சுற்றுக்குச் சுற்று முன்னிலை மாறினால் 'நெக் அண்ட் நெக்' என்று எழுதுவது பொருந்தும்; முடிவு வந்த பின்னர் எழுதுவது பொருந்தாது. இராஜஸ்தான் மாநிலத்து நாத்வாரா தொகுதியில் 2008இல் ஒரே ஒரு வாக்கில் வெற்றி தீர்மானமாயிற்று. 62,216 எதிர் 62,215. எண்ணி முடியும்வரை அது 'நெக் அண்ட் நெக்'. எண்ணி முடித்தபின் மூக்களவு வெற்றி. ஐம்பதாயிரம் வாக்கு வேறுபாட்டில் தோற்றவரைப் பற்றியும் மறுநாள் நாளிதழில் அதே தொடரை எழுதுவோர் இருக்கின்றனர். அவர்களுக்கு எக்ளிப்ஸின் கதையைச் சொல்லலாம்.

தமிழில் எவ்வாறு சொல்வது? கழுத்தைத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டுவதில்லை. கொண்டுவந்தால் மேலே கண்ட கத்தியும் கயிறும் உடன் வரும். கடும் போட்டி என்றால் கடுமை வருகின்றது, சமநிலை வரவில்லை. இழுபறி என்பது நாளிதழ்களில் மிகுதி. ஆனால் இழுபறியில் இருவரும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றனர். பந்தயத்தில் இருவர் திசையும் ஒன்று. இணையாக ஓடுதல், ஒட்டி ஓடுதல், முந்துவார் இன்னாரெனத் தெரியாத நிலை என்று இடத்துக்கேற்ப எழுதுவதே நன்று என எண்ணுகின்றேன். சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்துச் சாலைகளில் பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு என்று வகை பிரித்து நடக்கும் மாட்டுவண்டிப் பந்தயங்களைக் கண்டவர்க்கு இக்காட்சியை விளக்கவே வேண்டியதில்லை. அப்பக்கத்திலிருந்து வந்து பயிலும் மாணவி ஒருத்தி, இவ்வாண்டு மொழிபெயர்ப்புத் தேர்வில் இத்தொடருக்கு 'நுகம் ஒத்து ஓடுதல்' என்று எழுதியிருந்தாள். எந்த அகராதியிலும் நான் காணாத தொடர். முழு மதிப்பெண் வழங்கி, ஓரத்தில் ஹாஜியாருக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கே ஒரு குறிப்பும் எழுதி வைத்தேன்.